முதல் ஊசிக்கு முன்பே தொடங்க வேண்டிய காவல்

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு மருந்து எழுதித் தரப்படும்போது, நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த மருந்தால் வேறு நோய்த்தொற்று வந்துவிடுமா?" என்பதே அது. இக்கேள்விக்கு "அப்படியெல்லாம் ஒன்றும் வராது" என்று விடை கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். "வரும், எச்சரிக்கையாக இருங்கள்" என்று மட்டும் கூறி அனுப்புவது பயனற்றதாகும். இவ்விரண்டுக்கும் இடையே, நோயாளிக்கு உண்மையில் உதவக்கூடிய விடை ஒன்று இருக்கிறது. இம்மருந்துகளில் சில, தொற்றுக்கு வழிவிடுகின்றன. ஆயினும் அத்தொற்றுகளுள் பல, முன்கூட்டியே அறியத்தக்கவை, அறிந்தால் தடுக்கத்தக்கவை. அவற்றைத் தடுப்பதற்கு மிகவும் ஏற்ற காலம், முதல் ஊசியோ முதல் மாத்திரையோ உடலுக்குள் செல்வதற்கு முந்தைய சில வாரங்களே ஆகும். அச்சில வாரங்கள் நம் பகுதியில் போதிய அளவு மதிக்கப்படவில்லை என்பதும், அவற்றை மதிக்கும் முறையொன்றை மருத்துவமனையும் நோயாளியும் சேர்ந்து வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இடர் எங்கிருந்து வருகிறது?

நம் உடலில் நோய் எதிர்ப்பாற்றல் என்பது ஊர்க்காவல் போன்றது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை அது அடையாளம் கண்டு அழிக்கிறது. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில் அக்காவல் தடுமாறி, மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் உறையையே தாக்குகிறது. பார்வை மங்குதல், கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க இயலாமை போன்ற துன்பங்கள் அதனால் நேர்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோ 1868ஆம் ஆண்டிலேயே இந்நோயைத் தெளிவாக விளக்கியிருந்தார். எனினும் இதன் போக்கை மாற்றும் முதல் மருந்தாகிய இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1993ஆம் ஆண்டில்தான். அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளில் ஏராளமான மருந்துகள் வந்துவிட்டன.

இம்மருந்துகள் யாவும் தடுமாறிய காவலை ஏதேனும் ஒரு வகையில் கட்டுப்படுத்துகின்றன. சில மருந்துகள் காவலரைத் திருத்துகின்றன. சில, அவர்களை ஓரிடத்தில் நிறுத்திவைக்கின்றன. சில, அவர்களுள் ஒரு பிரிவினரையே அகற்றிவிடுகின்றன. காவல் குறையுமிடத்தில் கள்வர் நுழைய வாய்ப்பு உண்டாகிறது. எந்தக் காவல் குறைகிறதோ, அதற்கேற்ப நுழையும் கிருமியும் வேறுபடுகிறது. எனவே "எம்.எஸ். மருந்து" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் அஞ்சுவது பொருந்தாது.

இன்டர்ஃபெரான் பீட்டா, கிளாட்டிராமர் அசிட்டேட் ஆகிய பழைய ஊசி மருந்துகள் தொற்று இடரைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதில்லை. டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை சிலருக்கு இரத்தத்திலுள்ள லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்களைக் குறைக்கிறது. அக்குறைவு நீண்ட காலம் நீடித்தால் தொற்றுக்கு இடமாகும். ஆகவே குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை தேவை. ஃபிங்கோலிமாட் மாத்திரை அவ்வணுக்களை நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே தேக்கிவைக்கிறது. அதனால் சின்னம்மைக் கிருமியும் அக்கியும் தலைதூக்கலாம். அரிதாக, கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளையுறையில் அழற்சியை உண்டாக்கலாம். ரிட்டுக்சிமாப், ஓக்ரெலிசுமாப் ஆகியவை 'பி' அணுக்கள் என்ற பிரிவினை அகற்றுகின்றன. அதனால் ஹெபடைட்டிஸ் பி கிருமி மீண்டும் எழலாம். நெடுங்காலம் செலுத்தப்படும்போது இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் குறைந்து, மார்புச்சளியும் சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரலாம். தம் மருந்தின் பெயரையும், அது எந்தத் தொற்றுக்கு வழிவிடக்கூடும் என்பதையும் அறிந்துகொள்வது ஒவ்வொரு நோயாளியின் உரிமை.

ஒரு மருந்தின் வரலாறு தரும் பாடம்

இடரைக் கண்டு அஞ்சுவதற்கும் இடரை அளந்து நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நடாலிசுமாப் என்னும் மருந்தின் வரலாறு காட்டுகிறது. இம்மருந்து 2004 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயின் மறுதாக்கங்களை அது வெகுவாகக் குறைத்தது. ஆனால் ஏறத்தாழ மூன்று மாதங்களில், 2005 பிப்ரவரியில், அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆய்வில் இம்மருந்தைப் பெற்றவர்களுள் சிலருக்கு பி.எம்.எல். எனப்படும் கொடிய மூளைத்தொற்று வந்ததே காரணம். அதனை உண்டாக்கும் ஜே.சி. வைரஸ் பெரியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உடலில் எத்தீங்கும் செய்யாமல் உறங்கிக்கிடப்பதாகும்.

அத்துடன் அம்மருந்து மறைந்துவிட்டிருக்கலாம். ஆனால் 2006 மார்ச்சில் நடந்த விசாரணையில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகளே முன்வந்து, இடரை அறிந்தே அம்மருந்தைப் பெற விரும்புவதாகக் கூறினர். கடுமையான கண்காணிப்பு விதிகளுடன் 2006 ஜூனில் மருந்து திரும்ப வந்தது. அதன்பின் ஒவ்வொரு தொற்றும் பதிவு செய்யப்பட்டு எண்ணப்பட்டது. அவ்வெண்ணிக்கையிலிருந்து மூன்று இடர்க்காரணிகள் புலப்பட்டன: இரத்தத்தில் ஜே.சி. வைரசுக்கான எதிர்ப்புப் புரதம் இருத்தல், முன்னரே நோய் எதிர்ப்பைக் குறைக்கும் வேறு மருந்தை உட்கொண்டிருத்தல், இம்மருந்தை இரண்டாண்டுகளுக்கு மேல் பெற்றிருத்தல். 2012ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, மூன்று காரணிகளும் உள்ளவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 11 பேருக்கு இத்தொற்று வந்தது. எதிர்ப்புப் புரதம் இல்லாதவர்களிலோ பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. மருந்து ஒன்றே; மக்கள் இருவகை; அவர்களுக்குரிய இடரோ நூறு மடங்குக்கு மேல் வேறுபட்டது. இவ்விருவகையினரையும் பிரித்துக் காட்டியது ஓர் எளிய இரத்தப் பரிசோதனை.

இவ்வரலாற்றின் பொருள் நமக்கும் உரியது. இடர் என்பது மருந்தின் பெட்டிக்குள் மட்டும் இல்லை. அம்மருந்தைப் பெறுபவரின் உடலில் ஏற்கெனவே என்ன உறங்கிக்கிடக்கிறது என்பதிலும் இருக்கிறது. அயல்நாட்டுக் கையேடுகள் தம் மக்களின் உடலில் உறங்குவனவற்றையே முதலில் எண்ணி எழுதப்பட்டவை. நம் மக்களின் உடலில் உறங்குவன வேறு.

நம் மண்ணில் உறங்குவன

முதலாவது காசநோய். உலகில் ஓராண்டில் புதிதாகக் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நோயாக வெளிப்படாமல் கிருமியை உடலில் சுமந்திருப்போர் இன்னும் மிகப் பலர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு இக்கிருமி உடலில் நுழைந்திருப்பது தெரியவந்தது. அவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நோயுறாமலேயே இருந்துவிடுவர். உடலின் காவல் அக்கிருமியைச் சிறைவைத்திருப்பதே அதற்குக் காரணம். மறுதாக்கத்தின்போது செலுத்தப்படும் உயர் அளவு ஸ்டீராய்டு, டெரிஃபுளூனோமைட், கிளாட்ரிபின், அலெம்டுசுமாப் போன்றவை அச்சிறையின் பூட்டைத் தளர்த்தக்கூடும். ரிட்டுக்சிமாப் காசநோயைத் தூண்டுவதாக வலுவான சான்று இல்லை. எனினும் அதைப் பெறுபவருக்கும் இடையில் ஸ்டீராய்டு தேவைப்படலாம் என்பதால் பரிசோதனை வீணாகாது. மார்பு எக்ஸ்ரேயும், தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் பரிசோதனை அல்லது இக்ரா எனப்படும் இரத்தப் பரிசோதனையும் போதும். கிருமி இருப்பது தெரிந்தால் தடுப்பு மாத்திரைகள் உண்டு. காசநோய்ச் சிகிச்சையை வீட்டிலிருந்தபடியே வெற்றியுடன் பெறலாம் என்பதை 1956இல் தொடங்கிய ஆய்வின் வழியே உலகுக்கு மெய்ப்பித்தது சென்னை நகரம். அத்தகைய மாநிலத்தில் ஒரு நோயாளி இப்பரிசோதனை இன்றி மருந்தைத் தொடங்குவது ஏற்கத்தக்கதன்று.

இரண்டாவது ஹெபடைட்டிஸ் பி. நம் நாட்டில் இதுவே மிகுந்த கவனத்துக்குரியது. ஏனெனில் இங்கே மல்டிபிள் ஸ்கிளரோசிஸுக்கு ரிட்டுக்சிமாப் பரவலாகத் தரப்படுகிறது. புற்றுநோய்க்கென உருவான அம்மருந்தின் இந்தியத் தயாரிப்பை ஐதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்டது. விலை குறைந்ததால், அயல்நாட்டு மருந்துகளை வாங்க இயலாத குடும்பங்களுக்கு அது பெரும் துணையாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் 2023இல், கிளாட்ரிபின், கிளாட்டிராமர் ஆகியவற்றோடு ரிட்டுக்சிமாப்பையும் இந்நோய்க்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அம்மருந்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது: ஹெபடைட்டிஸ் பி கிருமி மீண்டும் எழுந்து, கல்லீரலைச் செயலிழக்கச் செய்து, உயிரையும் பறிக்கக்கூடும் என்பதே அது.

இங்கே நோயாளிகள் நினைவில் கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல ஆய்வகங்களில் 'ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென்' என்னும் ஒரே பரிசோதனையைச் செய்து, "இல்லை" என்று எழுதிக்கொடுப்பது வழக்கம். அறுவை சிகிச்சைக்கு முன் அது போதுமானதாக இருக்கலாம். ரிட்டுக்சிமாப்புக்கு முன் அது போதாது. எப்போதோ வந்து, தானே அடங்கி, கல்லீரலின் ஓரத்தில் பதுங்கிய கிருமியை அப்பரிசோதனை காட்டாது. 'ஆன்டி ஹெச்.பி. கோர்' என்னும் இரண்டாவது பரிசோதனையே அதனைக் காட்டும். இரண்டும் வேண்டும். கிருமியின் தடயம் தெரிந்தாலும் மருந்தைக் கைவிட வேண்டியதில்லை; கிருமியை அடக்கும் மாத்திரையை உடன் தந்து சிகிச்சையைத் தொடரலாம்; கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டு அம்மாத்திரையை நிறுத்தாதிருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடெங்கும் குழந்தைகளுக்கான அட்டவணையில் முழுமையாக இடம்பெற்றது 2011ஆம் ஆண்டில்தான். ஆகவே இன்று மல்டிபிள் ஸ்கிளரோசிஸோடு வாழும் பெரியவர்களுள் பலர் அத்தடுப்பூசியைப் பெறாதவர்கள்.

மூன்றாவது சின்னம்மை. குளிர்நாடுகளில் அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்துபோய்விடுகிறது. நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் அது வராமலே வளர்ந்த பெரியவர்கள் அதிகம். ஃபிங்கோலிமாட் மாத்திரையின் ஆய்வில், உயர் அளவு பெற்ற ஒருவர் உடலெங்கும் பரவிய சின்னம்மையால் உயிரிழந்தார். அதனால்தான், முன்பு அம்மை வந்ததா என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பு இல்லையெனில் தடுப்பூசி இட்டு, ஒரு மாதம் கழித்தே அம்மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. அம்மை கண்டவரை வேப்பிலை கட்டிய வீட்டில் தனியே வைத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் பேணுவது நம் ஊர்களின் மரபு. அம்மரபிலுள்ள தூய்மையும் தனிமையும் நல்லவையே. ஆனால் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தை உட்கொள்பவருக்கு அம்மையோ அக்கியோ கண்டால், முதல் கொப்புளம் தோன்றிய அன்றே வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவை. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

நான்காவது பலரும் எண்ணிப் பார்க்காதது: ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் மண்புழுதியில் வாழும் குடற்புழு. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் இப்புழு, அறிகுறி ஏதுமின்றிப் பல பத்தாண்டுகள் குடலிலேயே பெருகி வாழக்கூடியது. ஸ்டீராய்டு உடலில் ஏறும்போது அது கட்டுமீறிப் பெருகி, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். மலப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ அதனை வெளிப்படுத்தும். ஐவர்மெக்டின் மாத்திரை அதனை அழிக்கும். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் வயலை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. "நீங்கள் செருப்பின்றி வயலில் வேலை செய்தவரா?" என்ற கேள்வி நரம்பியல் மருத்துவருக்குத் தொடர்பற்றதாகத் தோன்றலாம். நம் நோயாளிக்கு அது மிகவும் தொடர்புடையது.

காய்ச்சலா, மறுதாக்கமா?

மருந்து தொடங்கிய பின்னும் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உள்ளவரின் உடல் வெப்பம் சற்று உயர்ந்தாலே, முன்பு பாதிக்கப்பட்ட நரம்புகள் தற்காலிகமாகச் சோர்ந்துபோகும். பழைய கால் பலவீனம் திரும்பும், பார்வை மங்கும். இது நோயின் புதிய தாக்குதல் போலவே தோன்றும். உண்மையில் பல நேரங்களில் அதற்குக் காரணம் ஒரு சிறுநீர்த் தொற்றாக இருக்கும். சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாத இந்நோயாளிகளுக்கு அத்தொற்று அடிக்கடி வருவது இயல்பு.

இதனை மறுதாக்கம் என்று தவறாகக் கொண்டு ஸ்டீராய்டு செலுத்தினால், தீயணைக்க நெய் ஊற்றியது போலாகும். தொற்று மறைந்திருந்து வளரும். சர்க்கரை நோயும் உடனிருந்தால் இடர் பன்மடங்காகும். 2021ஆம் ஆண்டின் கொரோனா அலையில், ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை நோய் எவ்வாறு பரவியது என்பதை நாம் மறக்கவில்லை. தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அவ்வாண்டு மே மாதத்தில் அறிவிக்க நேர்ந்தது. ஆகவே மறுதாக்கம் என்ற ஐயம் எழும்போதெல்லாம் ஸ்டீராய்டுக்கு முன் காய்ச்சலை அளத்தல், சிறுநீரைப் பரிசோதித்தல், சர்க்கரையைப் பார்த்தல் ஆகிய மூன்றும் நடைபெற வேண்டும். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உட்கொள்வதை அறவே விட்டொழிக்க வேண்டும்.

எதிர்வாதங்களும் விடைகளும்

இத்தனை பரிசோதனைகளையும் வலியுறுத்தினால், சிகிச்சை தாமதமாகிவிடாதா என்று கேட்பவர் உண்டு. அது நியாயமான கேள்வி. மல்டிபிள் ஸ்கிளரோசிஸில் காலமே நரம்பு. தாமதிக்கும் மாதங்களில் மீளாத சேதம் நேரலாம். ஆனால் மேலே கூறிய இரத்தப் பரிசோதனைகளுக்குத் தேவைப்படுவது சில நாட்களே. நோய் கண்டறியப்படும் அன்றே, எந்த மருந்து என்று முடிவாகும் முன்னரே, அவற்றை எடுத்துவிடலாம். தடுப்பூசிகளையும் அப்போதே தொடங்கலாம். ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துக்குப் பின் பல மாதங்கள் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. கொரோனாத் தடுப்பூசியில் இதனைக் கண்டோம். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளையோ, மருந்து தொடங்கிய பின் இடவே கூடாது. இன்று சேமிக்கும் ஒரு வாரம் பின்னர் எடுத்தாலும் திரும்பக் கிடைக்காது.

செலவு மிகுமே என்பார் உண்டு. ஹெபடைட்டிஸ் பி, சி நோய்களுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்க 2018 ஜூலை 28 அன்று தேசியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோய்க்கான பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எஞ்சிய பரிசோதனைகளின் செலவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறிது.

இவ்வளவும் சொன்னால் நோயாளி அஞ்சி மருந்தையே விட்டுவிடுவார் என்பார் உண்டு. இக்கருத்தை நாம் ஏற்கவில்லை. அரைகுறையாகக் கேள்விப்பட்டதே அச்சத்தை வளர்க்கும். முழுமையாக அறிந்தவர் தெளிவுடன் நடப்பார். அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவது தொற்றைவிடப் பெரிய கேட்டைத் தரக்கூடும். ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தியவர்களுக்கு நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியதுண்டு. மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவரோடு கலந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.

ஒரு தாளில் அடங்கும் காவல்

நம் மாவட்டம் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையில் அமைந்தது. நரம்பியல் வல்லுநரைக் காண நம் மக்கள் சேலத்துக்கோ, பெங்களூருக்கோ, வேலூருக்கோ, சென்னைக்கோ பேருந்து ஏறுகின்றனர். மருந்து அங்கே முடிவாகிறது; ஊசி வேறோர் இடத்தில் போடப்படுகிறது; காய்ச்சலோ சித்தேரி மலையிலோ காரிமங்கலத்திலோ நள்ளிரவில் வருகிறது. அப்போது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவருக்கு, தம் முன் நிற்பவரின் உடலில் ஆறு மாதங்களுக்கு முன் செலுத்தப்பட்ட ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது எவ்வாறு தெரியும்? "நரம்புக்கு ஊசி போட்டார்கள்" என்று மட்டும் குடும்பத்தார் கூறுவர். நகரங்களுக்கு இடையே தகவல் தொலைந்துபோவது நோயாளியின் குற்றமன்று. அதனைச் சுமக்கும் பொறுப்பை அவர் ஒருவர் மீதே ஏற்றிவிட்டது நம் முறையின் குறை.

இதற்கு நாம் முன்வைக்கும் தீர்வு எளியது. மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டத்தக்க ஒரே ஒரு தாள், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டதாக, ஒவ்வொரு நோயாளியிடமும் இருக்க வேண்டும். அதில் மருந்தின் பெயர், கடைசியாகப் பெற்ற நாள், அடுத்துப் பெற வேண்டிய நாள், ஹெபடைட்டிஸ் பி இரு பரிசோதனைகள், காசநோய், சின்னம்மை எதிர்ப்பு, குடற்புழு ஆகியவற்றின் முடிவுகள், இட்ட தடுப்பூசிகள், கடைசி இரத்த அணு எண்ணிக்கை, காய்ச்சல் வந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் போதும். அத்தாள் நிரம்பாமல் முதல் ஊசி போடப்படுவதில்லை என்ற நடைமுறையை மருத்துவமனைகள் ஏற்க வேண்டும். உடனடியாக ஊசி தேவைப்படும் அவசர நிலையில், எந்தப் பரிசோதனை விடுபட்டது, எப்போது செய்யப்படும் என்பதை மருத்துவர் அத்தாளிலேயே எழுதிக் கையொப்பமிடலாம். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை.

நோயாளிகளும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை சில உண்டு. வெப்பமானி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, கண் மஞ்சளாதல், நீங்காத தலைவலி, புதிதாகத் தோன்றும் குழப்பமோ பேச்சுத் தடுமாற்றமோ கண்டால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ள ஏனையோர் தம் தடுப்பூசிகளைத் தவறாமல் இட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்திருந்தால், அதன் மலத்துணிகளை நோயாளி மாற்றாமல் மற்றவர் மாற்றி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பக்கத்து வீட்டில் கறந்த பாலாயினும் நன்கு காய்ச்சியே கொடுங்கள். வயலுக்குச் செல்பவர் செருப்பணிந்து செல்லட்டும்.

அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, மருந்தின் விலையையும் வேளையையும் கேட்பதோடு, "இதைத் தொடங்கும் முன் எனக்கு என்னென்ன பார்த்தீர்கள்? அதை எழுதித் தருவீர்களா?" என்ற இரு கேள்விகளையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது உழவர் நிறைந்த இம்மாவட்டத்துக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று.